அம்மாவிடமே கேட்டார்கள்: ஒரு மறதிநோய் ஆராய்ச்சி மையத்தில் ஏழு வாரங்கள்

பணம் வாங்காத ஓர் இடத்தைப் பற்றி மதிப்புரை எழுதுவது முறையா என்று முதலில் தயங்கினேன். ஆனால் முதுமை மறதிநோய் உள்ள தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, "ஓர் ஆய்வு நடத்துகிறோம், சேர்கிறீர்களா?" என்று அழைப்பு வந்தால், போகலாமா, போனால் என்ன நடக்கும், எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. பிரியாணிக் கடைக்கு நூறு மதிப்புரை இருக்கிறது. நான் தேடிய நாட்களில் இதற்குத் தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. மையத்தின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால், அங்கே ஒப்பந்த ஊதியத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு என்னால் தொல்லை வரக்கூடாது.

அம்மாவுக்கு 76 வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பது வருடம் எங்கள் தெருவில் குலுக்குச் சீட்டு நடத்தியவர். இருபது பேர், இருபது மாதம், மாதம் ஒரு குலுக்கல், ஒரு முறைகூடக் கணக்கில் பிசகியதில்லை. மறதிநோய் என்று மருத்துவர் உறுதிப்படுத்தி மூன்று வருடம் ஆகிறது. உலகம் முழுவதும் புழங்கும் 30 மதிப்பெண் நினைவுத் தேர்வில் அவர் கடைசியாக வாங்கியது 17.

இந்த 17 என்ற எண் ஏற்கெனவே ஒரு கதவை எங்களுக்கு மூடியிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, அந்த மருத்துவமனையிலேயே அறுவைக்குப் பிந்தைய நடைப்பயிற்சி பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைப் பெண்மணியைச் சேர்த்துக்கொண்டார்கள், அம்மாவைச் சேர்க்கவில்லை. 24-க்குக் கீழ் மதிப்பெண் உள்ளவர்களுக்கு அந்த ஆய்வில் இடமில்லை என்றும், அவர்களிடம் ஒப்புதல் வாங்குவது சிக்கல் என்றும் காரணம் சொன்னார்கள். வயதான காலத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறவர்களில் நினைவு தடுமாறுகிறவர்கள் கணிசமானவர்கள். அவர்களை விலக்கிவிட்டு நடத்திய ஆய்வின் முடிவை வைத்துத்தான் பிறகு அவர்களுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள் என்றால், அந்தப் பயிற்சி அம்மாவைப் போன்றவருக்குப் பொருந்துமா என்பதை யார்தான் பார்த்தது? அன்று இதை வாய்விட்டுக் கேட்க எனக்குத் தெரியவில்லை. மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இல் வந்தது. அதன் 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சேர்ப்பதால் வரும் தீங்கோடு விலக்குவதால் வரும் தீங்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்கிறது. எங்களை விலக்கிய இடத்தில் இரண்டாவது தட்டில் யாரும் எதையும் வைத்ததாகத் தெரியவில்லை.

அதனால் இந்த மையத்திலிருந்து அழைப்பு வந்தபோது எனக்கு நம்பிக்கையைவிடச் சந்தேகமே அதிகம் இருந்தது. தொலைபேசியில் பேசிய பெண் கேட்ட முதல் கேள்வியில் அது சற்றுக் குறைந்தது: "அம்மா எந்த நேரத்துல தெளிவா இருப்பாங்க?" காலையில் காபி குடித்து ஒரு மணி நேரம் கழித்து என்றேன். பத்தரை மணிக்கு வரச் சொன்னார். மாலை மூன்றுக்கு மேல் அம்மா வேறு ஆள். அந்த நேரத்தில் அவரிடம் எந்த ஒப்புதலை வாங்கினாலும் அது ஒப்புதல் ஆகாது. இத்தனை வருடம் மருத்துவமனைகளுக்கு அலைந்ததில் இந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

ஆய்வு மருந்து சம்பந்தப்பட்டது அல்ல. ஐந்தாறு பேரைக் குழுவாக உட்கார வைத்துப் பாட்டு, பழைய பொருள்கள், விடுகதை, எண் விளையாட்டு, அன்றைய செய்தி என்று பேச வைக்கும் அறிவாற்றல் தூண்டல் பயிற்சி. வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஏழு வாரத்தில் 14 அமர்வுகள். இங்கிலாந்தில் உருவான முறை இது. அங்கே 201 பேரைக் கொண்டு நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், லேசானது முதல் நடுத்தரம் வரையிலான மறதிநோய் உள்ளவர்களின் அறிவாற்றலிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் காணப்பட்டது. பின்னர் சென்னையில் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அபாயம் குறைவு என்று தெரிந்துதான் போனோம்.

இனி ஒப்புதல் வாங்கிய விதத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த மதிப்புரையை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

படிவம் 14 பக்கம். தமிழில்தான் இருந்தது, ஆனால் யாருக்கான தமிழ் என்று தெரியவில்லை. "தாங்கள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளுள் ஒன்றிற்கு ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்ற வரியை நான் இரண்டு தடவை படித்தேன். அந்த உளவியலாளர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. படிவத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளங்கை அளவில் ஐந்து அட்டைகளை எடுத்தார். ஓர் அட்டைக்கு ஒரு விஷயம், பெரிய எழுத்து, ஒரு படம். நாற்காலியை எனக்கு எதிரே போடாமல் அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். குழு விளையாட்டு என்று ஓர் அட்டை, எத்தனை நாள் என்று ஓர் அட்டை, பிடிக்காவிட்டால் எந்த நேரமும் எழுந்து போகலாம் என்று ஓர் அட்டை. மூன்றாவதைக் காட்டியபோது அம்மா, "போனா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டார். மாட்டார், வழக்கமான மருந்து மாத்திரை எதுவும் நிற்காது என்று அந்தப் பெண் இரண்டு விதமாகச் சொன்னார்.

நான்காவது அட்டை அந்தச் சமவாய்ப்பு. சிலர் உடனே பயிற்சியில் சேர்வார்கள், சிலர் இரண்டு மாதம் காத்திருந்து பிறகு சேர்வார்கள். யார் எதில் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வோம் என்றார். குலுக்கல் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குலுக்குறது யாரு?"

"கம்ப்யூட்டர்ம்மா. வேற ஆபீஸ்ல இருக்கு."

"நம்ம முன்னாடி குலுக்க மாட்டீங்களா? அப்ப எப்படி நம்புறது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். பிறகு, குலுக்கலின் முடிவு மூடிய உறைக்குள் வரும் என்றும், யாருக்கு எது விழும் என்று தனக்கே தெரியாது என்றும், தெரிந்தால் வேண்டியவர்களுக்கு முதலில் கொடுத்துவிடக்கூடும் என்பதால்தான் வேறோர் இடத்தில் குலுக்குகிறார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார். அம்மா யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான். சீட்டுக்காரியே குலுக்கக் கூடாது" என்றார். நான் படிவத்தில் இரண்டு முறை படித்தும் பிடிபடாத காரணத்தை, அதாவது ஆய்வாளர் கையில் குலுக்கல் ஏன் இருக்கக் கூடாது என்பதை, 17 மதிப்பெண் வாங்கிய அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். பதினைந்து நிமிடம் கழித்து அவருக்கு இந்த உரையாடல் நினைவில் இல்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். புரிந்துகொள்வதும் நினைவில் வைத்துக்கொள்வதும் இரண்டு வேறு திறன்கள். ஒப்புதல் கேட்கும் நேரத்துக்குத் தேவையானது முதலாவது.

அட்டைகள் முடிந்ததும், "நான் சொன்னதுல உங்களுக்குப் புரிஞ்சதை எனக்குச் சொல்லுங்கம்மா" என்றார். மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்பது "புரிஞ்சுதா?" என்றுதான், அதற்கு நம் ஊரில் எல்லோரும் தலையாட்டிவிடுவோம். அம்மா, "பாட வைப்பாங்க, பேச வைப்பாங்க. புடிக்கலைன்னா வீட்டுக்கு வந்துரலாம். மருந்து கிடையாது" என்றார். எத்தனை வாரம் என்பது வரவில்லை. அந்தப் பெண் அந்த அட்டையை மட்டும் மறுபடி காட்டி, மறுபடி கேட்டு, பிறகே பேனாவைக் கொடுத்தார். சீட்டு நோட்டில் போடும் அதே சாய்ந்த கையெழுத்தை அம்மா போட்டார். எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம் ஆயிற்று.

இவ்வளவு நல்ல வேலையை அதே படிவம் கெடுத்தது. என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எந்த இடத்தில் என்று பார்த்தால், "சட்டப்பூர்வ பிரதிநிதி" என்ற வரியில். அம்மாவே முடிவெடுக்க முடிந்தவர் என்று இவர்கள் கருதினால் பிரதிநிதி எதற்கு? முடியாதவர் என்றால் வேறு நடைமுறை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 99-ஆம் பிரிவில், தாமாகத் தெளிந்த ஒப்புதல் தர இயலாத, ஆனால் பங்கேற்பை எதிர்க்காத ஒருவரை உளவியல் முறையோ மருந்தோ கொண்ட ஆய்வில் சேர்ப்பதற்கு மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. ஒப்புதல் தர முடிந்தவர்களைக் கொண்டு அந்த ஆய்வை நடத்தவே முடியாது என்பது போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால்தான், அவர் சார்பாக நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் ஒப்புதலை வைத்து ஆணையம் அதை அனுமதிக்கலாம். இதைக் கேட்டபோது அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. மூத்தவரை அழைத்து வந்தார். அம்மா ஒப்புதல் தரக்கூடியவர்தான் என்று தாங்கள் மதிப்பிட்டிருப்பதாகவும், என் கையெழுத்து சாட்சிக்கு மட்டுமே என்றும் அவர் சொன்னார். அப்படியானால் சாட்சி என்று அச்சிட வேண்டியதுதானே? பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வந்தவர்களின் படிவத்திலும் அடித்திருப்பார்களா என்று எனக்கு ஐயம்.

இரண்டாவது குறை வீடியோ. ஒப்புதல் வாங்குவதைப் படம் பிடிக்கப்போகிறோம் என்று கேமராவை முக்காலியில் நிறுத்தினார்கள். அம்மா உடனே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். விதி என்றார்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் அப்படி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது புதிய வேதிப்பொருளையோ மூலக்கூறையோ எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சோதிக்கும்போது ஒப்புதல் நடைமுறையை ஒலி ஒளிப் பதிவாக வைக்கச் சொல்வது. பாட்டும் விடுகதையும் கொண்ட ஆய்வுக்கு அந்த விதி கட்டாயம் அல்ல. பிறகு, ஆய்வுகளை ஆராய்ந்து அனுமதி தரும் தங்கள் நெறிமுறைக் குழு கேட்டுக்கொண்டது என்று மாற்றிச் சொன்னார்கள். குழு கேட்டிருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று ஆறாவதாக ஓர் அட்டை போட்டிருக்க வேண்டும்.

மையத்தில் அம்மாவுக்கு நினைவுத் தேர்வு நடத்திய எழுத்தர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். 93 என்றார் அம்மா, பிறகு நின்றுவிட்டார். விதிப்படி அதற்கான மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்ட எழுத்தர், தேர்வெல்லாம் முடிந்தபின் தானாகவே, "நூறு ரூபா குடுத்து ஏழு ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்குறீங்க, மீதியில மறுபடி ஏழு ரூபாய்க்கு..." என்று ஆரம்பித்தார். அம்மா 72 வரை போனார். எழுத்தர் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். மதிப்பெண்ணில் சேராது என்றும் நேர்மையாகச் சொன்னார். 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் எழுத்தறிவில்லாத முதியோருக்காக இந்தத் தேர்வை இந்தியில் மாற்றியமைத்தபோது, இந்தக் கணக்கையே 20-லிருந்து மும்மூன்றாகக் கழிப்பதாக மாற்றினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய அறிவாற்றல் தேர்வுத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வெளிவந்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்பதை ஒரு மதிப்பெண் தீர்மானிக்கும்போது, அந்தக் கேள்வி யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் முதலில் பார்க்க வேண்டும். தேதியைக் கேட்டபோது அம்மா சொன்ன "ஆடி ரெண்டாம் வெள்ளி" என்ற பதிலைச் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள் என்பதை மையத்தின் பக்கம் வரவு வைக்கிறேன்.

முதல் குழுவிலேயே அம்மாவுக்கு இடம் விழுந்தது. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும், "இன்னைக்கு எங்களோட உட்கார்றீங்களா?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார்கள். ஐந்தாம் அமர்வில் அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறி, அரைநாள் விடுப்பும் எடுத்து வந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு என்னம்மா இது" என்று கையைப் பிடித்தேன். அந்தப் பெண், "அக்கா, விடுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார். காபி கொடுத்தார்கள், அன்றைய பயணப்படியையும் கொடுத்தார்கள், ஒரு வார்த்தை வற்புறுத்தல் இல்லை. என் கையெழுத்து இருந்தாலும், அம்மாவின் மறுப்புக்கு முன்னால் அது செல்லாது என்பதைப் புரிந்துகொண்டது அன்றுதான். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆறாம் அமர்வுக்கு அம்மா தாமாகவே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயணப்படி ஒருவருக்கு மட்டும். துணைக்கு வருபவரின் பேருந்துக் கட்டணமும் போன கூலியும் கணக்கில் இல்லை. கழிப்பறை மாடிப்படி ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது, வயதானவர்களுக்கான ஆய்வு நடக்கும் கட்டடத்தில் இது மன்னிக்க முடியாதது. மருத்துவர் ஒருவர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "பாட்டிக்கு ராத்திரி தூக்கம் எப்படி?" என்று என்னைக் கேட்டார், பாட்டி அங்கேதான் இருந்தார்.

பெரிய குறை வேறொன்று. உடன் வந்து போக உறவினர் ஒருவர் இருந்தால்தான் சேர முடியும் என்பது இவர்களின் நிபந்தனை. எங்கள் தெருமுனையில் கணவரை இழந்து தனியாக இருக்கும் அத்தை ஒருவர் பால் பாக்கெட்டை அடுப்பில் அப்படியே வைத்துவிடும் நிலையில் இருக்கிறார். அவரையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், மக்கள்தொகை ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அந்நாடுகளில் நடக்கவில்லை என்பதைச் சுட்டவே 1998-இல் தொடங்கிய ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு தனக்கு 10/66 என்று பெயர் வைத்துக்கொண்டது. சென்னையிலும் வேலூரிலும் அது ஆய்வு நடத்தியது. 2017 முதல் 2020 வரை 60 வயது கடந்த 4,096 பேரிடம் நடந்த லாசி-டாட் என்ற ஆய்வு, இந்தியாவில் அந்த வயதினரில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. நாடுகளுக்கிடையே சுட்டிக்காட்டப்பட்ட அந்த விடுபடல் ஒரே தெருவுக்குள்ளும் இருக்கிறது. மகள் உள்ள அம்மா உள்ளே போகிறார். யாருமில்லாத அத்தை வெளியே நிற்கிறார். பக்கத்து வீட்டாரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ துணையாக ஏற்றுக்கொள்ள ஒரு வழி செய்வது இவர்களால் முடியாத காரியம் அல்ல.

போக நினைப்பவர்கள், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2007 முதல் இயங்கும் அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். யாரைச் சேர்ப்போம், யாரை விலக்குவோம் என்பதும் அதில் இருக்கும். படிவத்தின் நகலும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் கையில் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். நீங்கள் போடும் கையெழுத்து சாட்சிக்கா, பிரதிநிதிக்கா என்று கேளுங்கள். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். காதில் விழாத கேள்விக்கு மதிப்பெண் போய்விடும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், ஒப்புதல் வாங்கிய விதத்துக்கு ஐந்து, படிவத்துக்கு ஒன்று, கழிப்பறைக்குச் சுழியம், மொத்தத்தில் மூன்றரை கொடுப்பேன். ஆய்வின் முடிவை எளிய தமிழில் அனுப்புவதாகச் சொன்னார்கள். பதினோரு மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை, இரண்டு முறை அழைத்துக் கேட்டிருக்கிறேன். போன வாரம் அவர்களே அழைத்தார்கள். வேறோர் ஆய்வு, இரத்தம் எடுத்துச் சேமித்து வைப்பார்களாம். நாளை காலை பத்தரை மணிக்கு மேல் அம்மாவிடம் நீங்களே பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.